கரண்டு அண்ணனும் குட்டைக் குழாயும்

உலகத்துக்கு விளக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். இருட்டைக் கண்டுபிடித்தவர் எங்கள் கரண்டு அண்ணன்தான். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

சில வருஷங்களுக்கு முன்பு பழவேற்காடு கடைத்தெருவில் நான் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பாஸ்போர்ட் சைஸ் படம், காது குத்தல், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், புதுப் படகு வெள்ளோட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே கேமரா, ஒரே ஆள். கரண்டு அண்ணன் ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். பிறப்பால் மீன்பிடிக் குடும்பம், பிழைப்பால் வயர்மேன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருப்பதாகக் கேள்வி. கட்டிய மனைவியே கோபம் வந்தால் "யோவ் கரண்டு" என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணிக்குக் கோபம் வராத நாள் குறைவு.

சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டு வயரிங்கும் அவர் கைவேலைதான். அதனால் எந்த வீட்டு ஸ்விட்சும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தார். தெருவில் போகும்போது ஒரு வீட்டில் வீணாக விளக்கு எரிந்தால், கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து அணைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். ஒரு கல்யாணத்தில் மாலை மாற்றும் நேரம். நான் மணமக்களை நிறுத்தி, முகத்துக்கு வெளிச்சம் வைத்து, பட்டனை அழுத்தப் போகிறேன், மண்டபம் பட்டென்று இருண்டது.

"பட்டப்பகல்ல இன்னாத்துக்குமே இம்மாம் லைட்டு?" என்று ஸ்விட்சுப் பலகை பக்கத்திலிருந்து குரல் வந்தது. அந்த ஆல்பத்தில் மாலை மாற்றும் படம் கிடையாது. அதற்குப் பதில் மாப்பிள்ளையின் மாமா கரண்டு அண்ணனைத் துரத்தும் படம் நான்கு கோணங்களில் இருக்கிறது. நன்றாகவே வந்திருந்தது.

இப்படிப்பட்டவருக்கு நட்சத்திரப் பைத்தியம் பிடித்தது ஒரு புயலுக்குப் பிறகு. காற்று அடித்ததில் பாதிக் கம்பம் சாய்ந்து, கம்பி அறுந்து, வட்டாரம் முழுக்க மின்சாரம் இல்லை. பல நாள் காத்திருந்து, கடைசியில் ஒரு சாயங்காலம் கரண்டு அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறினார். கீழே குப்பமே கழுத்தை நிமிர்த்தி நின்றது. வேலை முடிவதற்குள் இருட்டிவிட்டது.

"அண்ணா, ஆச்சா?"

"ஆச்சு."

"அப்ப போடேன்!"

"இருங்கடா."

"இன்னாத்துக்கு இரு?"

அண்ணன் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி, வாயைத் திறந்து, மேலே பார்த்தபடி அசையாமல் நின்றார். ஆள் அசையாவிட்டால் எங்கள் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். "ஐயோ, ஷாக்கு புடிச்சிக்கிச்சு!" என்று யாரோ கத்தினார்கள். உடனே காய்ந்த மூங்கில் கழி ஒன்று வந்தது. நல்ல மனம் படைத்த நான்கு பேர் சேர்ந்து கழியால் அவர் விலாவில் ஓங்கிக் குத்திக் கம்பத்திலிருந்து தள்ளப் பார்த்தார்கள். கயிறு இருந்ததால் உயிர் பிழைத்தார்.

"டேய், மேல பாருங்கடா, பொடிப்பொடியா எத்தினி கீது!" என்று குத்து வாங்கிக்கொண்டே அலறினார். அவர்கள் மேலே பார்த்து, கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று தேடினார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வைராக்கியம். விலாவில் மஞ்சள் பற்றோடு என் ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் பாத்தத படம் புடிக்கணும். வாயால சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்றான். ஷாக்கு அடிச்சதுல மூள கலங்கிப் போச்சுன்றானுங்க."

"என் கேமராவுல அதெல்லாம் விழாதுண்ணா."

"கேமரா உன்து. கண்ணாடிக் குழா நான் வாங்கறேன்."

நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். அவர் ஒரு பொருளை வாங்கும் வேகம் எனக்குத் தெரியும். அண்ணிக்கு மிக்ஸி வாங்குகிறேன் என்று அவர் யோசிக்க ஆரம்பித்து, அது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கம்பெனி மூன்று புது மாடல் விட்டுவிட்டது. தொலைநோக்கி வருவதற்குள் நான் பேரன் பேத்தி எடுத்துவிடுவேன் என்று தைரியமாக இருந்தேன்.

அவர் தேர்ந்தெடுத்த முறையை நான் வேறு எங்கும் கண்டதில்லை. செல்போனில் வெள்ளைக்காரர்கள் தொலைநோக்கியைப் பற்றிப் பேசும் வீடியோக்களைப் பார்ப்பார். மொழி புரியாது. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்ப்பார்.

"இந்த ஆளு மூஞ்சப் பாத்தியா தங்கச்சி? டியூப்பத் தொட்டதும் வெளக்கெண்ண குடிச்ச மாதிரி ஆவுது. அது வேஸ்ட்டு. வாய் சொல்றது பொய்யா இருக்கும். மூஞ்சி பொய் சொல்லாது."

"அவருக்கு வயித்து வலியா இருக்கப் போவுதுண்ணா."

"அதான் அஞ்சு வீடியோ பாக்கறேன். அஞ்சுலயுமா வயித்து வலி வரும்?"

முகம் பார்த்துக் கழித்த பிறகு மூன்று தொலைநோக்கிகள் மிஞ்சின. ஒன்று ஆள் உயரம், ஒன்று இடுப்பு உயரம், ஒன்று முழங்கை நீளம். எதை வாங்குவது? மூன்றின் அளவுக்கும் பிவிசி பைப்பை வெட்டி, எடைக்கு எடை உள்ளே மணலை அடைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டார். மாதக்கணக்கில் அவற்றோடு குடித்தனம் நடத்தினார். எங்கே போனாலும் ஒரு பைப் கூடவே போகும்.

ஆள் உயரப் பைப்பைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறியபோது நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். தெரியாதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்டக்டர் வந்தார்.

"இன்னாயா இது?"

"தொலைநோக்கி."

"பைப்பு மாதிரி கீது?"

"இப்ப பைப்பு. பொறவு தொலைநோக்கி."

"அப்ப பொறவுக்கும் சேத்து லக்கேஜ் டிக்கெட்டு வாங்கு."

அண்ணன் கோபப்படவில்லை. "பாத்தியா தங்கச்சி, பெருசுக்கு இது ஒரு மைனஸ்" என்று பஸ்ஸின் அந்தக் கோடியிலிருந்து எனக்குக் கேட்கும்படி சொன்னார். பஸ் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பெரிய பைப்புக்கு முடிவு ஏரியில் வந்தது. படகில் நட்டு வைத்திருந்தார். சோழக்காற்று தள்ளியதில் பைப் ஒரு சுற்றுச் சுற்றி, படகின் முனையில் நின்று கழி ஊன்றிக்கொண்டிருந்த அண்ணியை முதுகில் அடித்துத் தண்ணீரில் தள்ளியது. முட்டளவுத் தண்ணீர்தான். அண்ணி எழுந்து, முந்தானையைப் பிழிந்து, பைப்பை வாங்கி, இரண்டு கையாலும் தூக்கித் தன்னால் முடிந்த தூரத்துக்கு வீசினார். ஆள் உயரம் தள்ளுபடி ஆனது. இடுப்பு உயரம் தானாகவே சமையலறை ஜன்னலுக்குக் குறுக்குக் கட்டையாகப் போய்ச் சேர்ந்தது. முழங்கை நீளம் மட்டும் மிஞ்சியது.

ஊரே கூடி அவருக்குப் புத்தி சொன்னது. வாங்குவதுதான் வாங்குகிறாய், பெரிதாக வாங்கினால் என்ன, நிலாவில் உள்ள பள்ளம் தெரியுமே, சனியின் வளையம் தெரியுமே என்றார்கள். அண்ணன் அசைந்து கொடுக்கவில்லை. என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார்.

"நீட்டு டியூப்பு தூண்டில் மாதிரி தங்கச்சி. ஒண்ணே ஒண்ணத்தான் இழுக்கும். எனக்கு அது வாணாம். கூட்டம் மொத்தமும் ஒரே வீச்சுல வுழணும். அதுக்கு வாய் அகலமா, ஒடம்பு குட்டையா இருக்கணும். அப்பறம் கண்ணாடி நல்லதா இருக்கணும். உன் லென்சு மாதிரி இருக்கக் கூடாது."

"என் லென்சுக்கு இன்னா கேடு?"

"மாப்புள வேட்டி ஓரத்துல ஊதாக் கலரு அடிக்குது. நீ பாத்ததில்ல?"

பத்து வருஷமாக யாரும் கவனிக்காத விஷயம். அன்று முதல் எந்த மாப்பிள்ளை வேட்டியைப் பார்த்தாலும் எனக்கு ஊதாதான் தெரிகிறது. வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்காத நல்ல கண்ணாடியில், முழங்கை நீளத்தில், அகலமாக வானத்தைப் பிடிக்கும் ஒரு தொலைநோக்கியைக் கடைசியில் அவர் வாங்கியே விட்டார். வானத்தோடு கூடவே மெதுவாகத் திரும்புகிற சின்ன மோட்டார் ஒன்றும், எல்லாவற்றையும் தாங்க ஒரு முக்காலியும் அதனுடன் வந்தன. பெட்டியைப் பிரிக்கும்போது மீன் ஏலம் விடும் கொட்டகையில் கூட்டம் அலைமோதியது. ஆறு மாதக் குழந்தைகூட வந்திருந்தது. அட்டை, தெர்மாகோல், இன்னும் அட்டை, இன்னும் தெர்மாகோல் என்று எடுத்துக்கொண்டே போய், கடைசியில் வெள்ளையாக, உருண்டையாக, பால் குவளை மாதிரி ஒன்றை வெளியே எடுத்தார்.

சபைத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். குப்பத்தின் வழக்கையெல்லாம் தீர்த்துவைக்கும் பெரியவர் அவர்.

"மீதி எப்ப வரும்?" என்று கேட்டார்.

"அவ்ளோதான் தலைவரே."

"மெய்யாலுமா?"

கூட்டம் துக்க வீட்டிலிருந்து கலைவதுபோலக் கலைந்தது. அன்றே அதற்குக் குட்டைக் குழாய் என்று பெயர் நிலைத்துவிட்டது.

குழாய் வந்தாயிற்று. இருட்டு எங்கே? கரையில் நின்றால் உயரக் கம்பத்து விளக்கு கண்ணைக் குத்தியது. அதை ஊருக்குக் கொண்டுவர அலுவலகம் அலுவலகமாக அலைந்து மனுக் கொடுத்தவரே கரண்டு அண்ணன்தான். இப்போது அதன் கீழே நின்று, பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல நாள் தவறாமல் திட்டினார். ஏரிக்குள் போனால் வலை போடுகிறவர்களின் விளக்குகள். கழுத்தில் ஒன்று, படகில் ஒன்று, வலைக் கம்பில் ஒன்று.

இங்கே எங்கள் ஏரியின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. 'பாடு' என்று ஒரு ஏற்பாடு. இன்ன இரவு இன்ன இடம் இன்ன குடும்பத்துக்கு என்று சபை முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். முறை வந்த இரவில் அந்த இடம் முழுக்க அந்தக் குடும்பத்துடையது, வேறு படகு உள்ளே நுழையாது. எல்லா இரவும் ஒன்றல்ல. அமாவாசை இருட்டில்தான் இறால் அள்ளும். அமாவாசையில் முறை விழுந்த வீட்டுக்கு அந்த வருஷத்துக் கவலையில் பாதி தீர்ந்தது. முறையை வாங்கிக்கொண்டு வலை போடாமல் விட்டால், அந்தக் குடும்பம் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஏரியை அவமதித்த குற்றம் அது.

அந்தத் தை அமாவாசை கரண்டு அண்ணன் வீட்டு முறை. அண்ணி அதை எண்ணி எண்ணிக் காத்திருந்தார். கூரை மாற்ற வேண்டும், பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும், எல்லாம் அந்த ஒரு இரவின் மேல்தான் நின்றது. அண்ணனும் எண்ணி எண்ணித்தான் காத்திருந்தார். அந்த இரவுக்கு அந்த இடத்தில் ஒருவரும் விளக்கோடு வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

விஷயம் வெடித்தபோது நான் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"வல போட ஆளுங்களுக்குச் சொல்லிட்டியா?" என்றார் அண்ணி.

"வல வாணாம்மே."

"இன்னா?"

"வல போட்டா ஆறு பேரு வருவான். ஆறு பேரும் லைட்டு போடுவான். தண்ணியக் கலக்குவான். குழா ஆடும்."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்த சத்தம் பக்கத்து வீட்டு நாயை எழுப்பியது. "நட்சத்திரம் ஓடியா போவுது? நாளைக்கி இருக்காதா அது?"

"அமாவாசையும் வாணும், ஆளில்லாத தண்ணியும் வாணும். ரெண்டும் சேந்து எனக்கு எப்ப வரும் சொல்லு."

வாதத்தில் நியாயம் இருந்தது. கூரைக்கும் நியாயம் இருந்தது. அண்ணி கீழே வைத்த டம்ளரை எடுத்துக் கவிழ்த்தார். பிறகு, "சரி, நானும் வரேன். உன்ன நம்பி என் தண்ணிய வுட மாட்டேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்குமே புரியவில்லை.

சூரியன் இறங்கியதும் கிளம்பினோம். அண்ணி கழி ஊன்றினார், அண்ணன் குழாயைக் குழந்தைபோல மடியில் வைத்திருந்தார், நான் கேமராப் பையைத் தலையில் வைத்திருந்தேன். ஏரி நடுவில் இடுப்புக்கும் கீழேதான் தண்ணீர். அண்ணன் வலைக் கம்பு நடுவதுபோல மூன்று மூங்கிலைச் சேற்றில் ஆழ அறைந்து, அவற்றில் முக்காலியின் கால்களை இறுக்கிக் கட்டினார். படகு ஆடும், கரையில் விளக்கு இருக்கும், ஆகவே இப்படி. வடக்கே, ஆந்திரப் பக்கம், தண்ணீரை ஒட்டியபடி துருவ நட்சத்திரம் மங்கலாக எட்டிப் பார்த்தது. வானமே அதைச் சுற்றித்தான் திரும்புகிறது என்பதால் மோட்டாரை அதற்கு நேராகத் திருப்பினார். குழாயை உச்சிக்கு ஏற்றி, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் நிறுத்தினார். நான் கேமராவை மாட்டினேன்.

படம் எடுத்தேன். கலங்கிய குட்டைபோல ஏதோ வந்தது. நட்சத்திரம் ஒவ்வொன்றும் தோசை அளவு. குழாயின் ஃபோகஸ் திருகைத் திருப்பித் திருப்பித் தோசையை இட்லியாக்கி, இட்லியைப் புள்ளியாக்கினோம். அப்போதும் படத்தில் ஒரு மங்கல் போகவில்லை. அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. குழாயின் முன்பக்கம் போய்ச் சின்ன டார்ச்சை அடித்தேன்.

கண்ணாடியின் நட்ட நடுவில், பளிச்சென்று, சந்தனம் குழைத்து வைத்து அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு.

"அண்ணா, இங்க வந்து பாரு."

அண்ணன் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"புதுசா வந்தத பொட்டு வெக்காம தண்ணில எறக்குவாங்களா? படகுக்கு வெக்கல? மோட்டாருக்கு வெக்கல?"

"கண்ணாடிலயாமே வெப்பே?"

"மூஞ்சிலதானே வெக்கணும். அதுக்கு மூஞ்சி எது, நீயே சொல்லு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் அந்தக் குழாயைச் சக்களத்தி என்று திட்டிய பெண்மணி, யாருக்கும் தெரியாமல் அதைத் துடைத்துப் பொட்டு வைத்து, நல்லபடியாகப் போய் வா என்று அனுப்பியிருக்கிறார். நான் பையிலிருந்து லென்ஸ் துணியை எடுத்தேன்.

"தொடாத தங்கச்சி," என்றார் அண்ணன். "சந்தனத்தத் தேச்சா கோடு வுழும்." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கி, "அவ வெச்சது. இருக்கட்டும்" என்றார்.

இருந்தால் குடி முழுகிவிடாது என்று எனக்குத் தெரியும். ஒரு கல்யாணம் முழுக்க என் லென்ஸ் மேல் ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. படத்தில் ஈ விழவில்லை. முன்னால் ஒட்டியிருப்பது உருவமாகத் தெரியாது, வெளிச்சம்தான் கொஞ்சம் குறையும். ஆகவே பொட்டோடு கூடவே நீண்ட நேரம் திறந்து வைத்து எடுப்பது என்று முடிவானது.

அப்போதுதான் அண்ணி வந்ததன் காரணம் விளங்கியது. அவர் சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பெண். கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் குடும்பம். அவருக்கு வலையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். பிடித்த இறாலைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, முக்காலியைச் சுற்றித் தடவ ஆரம்பித்தார். தண்ணீர் தளும்பியது. மூங்கில் ஆடியது. குழாய் ஆடியது.

"அசையாத! கேமரா ஓடுது!" என்று அண்ணன் கத்தினார்.

அண்ணி அப்படியே நின்றார். குனிந்தபடி, பறி பல்லில், கையில் துள்ளும் இறால். கேமரா மூடிக்கொள்ளும் 'டக்' சத்தம் கேட்டதும் இறால் பறிக்குள் போகும், இன்னொன்றைத் தேடுவார். மறுபடி "அசையாத!" மறுபடி சிலை. நான் ஒரு காலைத் தூக்கிய நேரத்தில் ஒருமுறை அந்தக் கட்டளை வந்துவிட்டது. கொக்குபோல ஒற்றைக் காலில் நின்றேன். காலில் ஏதோ நண்டு ஏறி, என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. வாழ்நாள் முழுக்க ஊராரை "அசையாதீங்க, அசையாதீங்க" என்று மிரட்டிய பாவத்துக்கு அன்று எனக்கு மொத்தமாகக் கிடைத்தது.

கடைசியில் கேமராவின் பின்பக்கத் திரையைத் தட்டினேன். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. எங்கள் கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கூட்டம் அதில் எண்ண முடியாமல் சிதறிக் கிடந்தது. பெரிய நட்சத்திரங்களைச் சுற்றி நீல நிறத்தில் ஏதோ புகை படர்ந்திருந்தது. அண்ணி பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"யோவ்," என்றார் மெதுவாக. "கம்பத்துல இத்தயா பாத்துக்கினு நின்ன?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை சபை கூடிவிட்டது. முறை வாங்கியவன் வலை போடவில்லை என்பது விடிவதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. நான் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"வல போட்டியா?" என்றார் தலைவர்.

"போடல தலைவரே."

அண்ணி முன்னால் வந்து பறியைக் கவிழ்த்தார். இறால் நல்ல பருமன்தான். ஆனால் ஒரு வலை அள்ளுவதோடு ஒப்பிட்டால் ஒரு கைப்பிடிதான். "சும்மா வுடல. புடிச்சிருக்கோம்" என்றார்.

தலைவர் இறாலைப் பார்த்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. "இது கையால புடிச்சதும்மா. பாடு வலைக்குத்தான். உனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுனு பேச முடியாது. முற போச்சு. கடைசிக்குப் போங்க."

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுபடி அமாவாசை முறை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கரண்டு அண்ணன் "சரிதான் தலைவரே" என்றார். பிறகு என் கையிலிருந்த படத்தை வாங்கி ஏலக் கொட்டகைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் இறாலையே பாரமாக வைத்தார். "ஒண்ணே ஒண்ணு. எனக்கு ஷாக்கு அடிக்கல. அத மட்டும் எல்லாரும் பாத்துக்கங்க."

தலைவர் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது எங்க எடுத்தது?"

"நம்ம தண்ணி மேல."

"நம்ம தண்ணிக்கு மேலயா இத்தினி கீது?"

"ஆமா தலைவரே."

"தெனமுமா?"

"தெனமும்தான். நாமதான் லைட்டப் போட்டுக்கினு ஒக்காந்திருக்கோம்."

தலைவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது, "தீர்ப்பு தீர்ப்புதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குக் கேமராப் பையைத் திரும்ப வாங்கப் போனேன். அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சபைத் தலைவர்.

"டேய் கரண்டு, வர அமாவாச என் வூட்டு முற," என்றார். "நான் வல போடுவேன். ஆனா லைட்டு கொளுத்த மாட்டேன். நீ உன் குழாவக் கொண்டாந்து ஓரமா நின்னுக்க. ஆனா ஒண்ணு, என் தண்ணிக்கு மேல இருக்கறத நீ படம் புடிச்சி எனக்குத் தரணும். என் பேர் போட்டுத் தரணும்."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். வாய் திறந்தபடி, கம்பத்தில் நின்ற அதே கோலம். நல்லவேளை, மூங்கில் கழி பக்கத்தில் இல்லை. அண்ணிதான் சுதாரித்துக்கொண்டார்.

"சும்மா நிக்க மாட்டாரு. வல இழுக்கறவனுக்குக் குடுக்கற ஆள் பங்கு எங்களுக்கும் குடுக்கணும்."

"ஆள் பங்கா? அசையாம நிக்கறதுக்கா?"

"அசையாம நிக்கறது லேசுனு நெனச்சியா மாமா? நீ நின்னு பாரு, தெரியும்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சாட்சி சொன்னேன். நண்டு ஏறியதையும் சேர்த்துச் சொன்னேன். ஆள் பங்கு முடிவானது. அவர் தெரு திரும்புவதற்குள் அடுத்த ஆள் வந்தார். அதற்கடுத்த அமாவாசை அவருடையது. அவருக்கும் பெயர் போட்ட படம் வேண்டும், தலைவருடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒரு முறையைப் பறிகொடுத்தவருக்கு ஊரின் அத்தனை அமாவாசையும் வந்து சேர்ந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாருக்கும் டீ போட்டார். அண்ணன் பழக்கதோஷத்தில் எழுந்து போய் வாசல் விளக்கை அணைக்க, வந்தவர்கள் இருட்டில் டம்ளரைத் தேடினார்கள்.

நான் ஸ்டூடியோவை மூடிவிட்டு ஆவடிப் பக்கம் வந்து சில காலம் ஆகிறது. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் தவறாமல் போன் வரும். "தங்கச்சி, கேமராவ எடுத்துக்கினு வந்துடு. நீ இல்லாம இங்க ஒண்ணும் ஓடாது." நானும் கல்யாண ஆர்டரைத் தள்ளிவைத்துவிட்டு, பஸ் மாறிப் பஸ் மாறிப் போய் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறேன். அவர் தனக்கென்று என்னுடையதைவிட நல்ல கேமராவாக வாங்கி ரொம்ப நாள் ஆகிறது. குழாயின் பின்னால் மாட்டியிருப்பது அதுதான். என் கேமரா பையிலிருந்து வெளியே வருவதே இல்லை. பிறகு என்னை எதற்கண்ணா கூப்பிடுகிறாய் என்று இதுவரை நான் கேட்டதில்லை. கேட்டு, அவர் யோசித்துப் பார்த்து, அட ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.